வளர்ச்சி இல்லை

டால்மியா போர்டில் இறங்கி
லாரித் தடத்தில் இருபது நிமிடம்.
மூடிய குழியின் கேட்டில் மாதையன்
அனுமதிக் கடிதத்தைப் பார்க்கவில்லை,
என் காலைப் பார்த்தார்.
"இந்தச் செருப்போடயாங்க உள்ள போறீங்க?"

உலகம் லாவா குகைகளில் தேடுகிறது.
நெருப்பு வடிந்துபோன குழாய்களுக்குள்
தவழ்ந்து போய்ச் சுவரைச் சுரண்டுகிறார்கள்,
செவ்வாயிலும் அப்படிக் குழாய்கள் இருப்பதாக நம்பி.
சேலத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.
சேர்வராயன் மலை எரிமலையாக இருந்ததே இல்லை
(சித்திரையில் அடிவாரத்து ஆட்கள்
இதை நம்ப மாட்டார்கள்).
நமக்கு வாய்த்தது
பூமியின் அடிவயிற்றிலிருந்து ஏறிவந்த பச்சைப் பாறை,
அதன் விரிசலெல்லாம் வெள்ளைக்கல் நரம்பு.

பச்சைப் பாறை தண்ணீர் குடித்தால்
மெல்ல ஹைட்ரஜன் விடும்.
அதைத் தின்றுகொண்டு
வெயில் என்றொன்று உண்டென்றே தெரியாமல்
உள்ளே சில உயிர்கள் இருக்கக்கூடும்.
இருக்கக்கூடும் என்று
பதினோரு பக்கம் எழுதிப் பணம் வாங்கினேன்.
செவ்வாயின் வறண்ட ஏரியொன்றின் ஓரத்திலும்
இதே பச்சை, இதே வெள்ளை
என்பது பன்னிரண்டாம் பக்கம்.

பக்கச் சுரங்கத்தின் கோடியில்
தலைவிளக்கு ஒரு கசிவைக் காட்டியது.
வடித்த கஞ்சி ஆறினால் மேலே படியுமே,
அப்படி ஓர் ஆடை.
மூச்சை அடக்கிச் சுரண்டினேன்.
மூச்சிலும் குடியிருப்பவர்கள் உண்டு.

அமலோற்பவம் ஏற்காட்டிலிருந்து முதல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவின் குமட்டல் தீருமுன்
இன்குபேட்டரைத் திறந்துவிடுவாள்.
மாசில்லாத பிறப்பு என்று அர்த்தம் அவள் பெயருக்கு.
கிருமி நீக்கிய அறைக்கு
இதைவிடப் பொருத்தமாய் யாரை வேலைக்கு எடுப்பது!
நோட்டில் நீல மையில் தேதி, வெப்பம்,
பிறகு அந்த இரண்டு வார்த்தைகள்.
வளர்ச்சி இல்லை.
வளர்ச்சி இல்லை.
பதினேழாம் நாள் கரண்ட் இல்லை,
அதற்குக் கீழே வளர்ச்சியும் இல்லை.

நாற்பத்தோராம் நாள்
ஒரு தட்டில் மட்டும் பால் கலங்கியதுபோல.
அவள் கத்தியதில்
எதிர் அறை மாணவர்கள் ஓடிவந்தார்கள்.
பனிக்கட்டிப் பெட்டியில் ஹைதராபாத் போய்
மூன்று வாரம் கழித்து மெயிலில் திரும்பி வந்தது விடை:
மனித வாயில் வாழ்பவை.

மாதையன் மறைக்கவில்லை.
"கோடையில உள்ள சில்லுனு இருக்குமுங்க.
சோத்துப் போசிய அங்கதான் தொறப்பேன்,
வாய் கொப்பளிக்கிறதும் அந்தச் செவுத்துமேலதான்."
கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.
"செவ்வாயில எனக்குப் பங்காளிங்க இருக்காங்கன்னு
எழுதிப் போட்டுட்டீங்களா?"

எழுதத்தான் இருந்தேன்.
பட்டியலின் கடைசி வரியை
நள்ளிரவில்தான் முழுதாய்ப் படித்தேன்.
பத்தாயிரத்தில் மூன்று பங்கு,
தெரிந்த எதனோடும் பொருந்தவில்லை.
எந்திரத்தின் பிழையாக இருக்கலாம்,
பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.
இல்லையென்றால்,
ஒரு செல் இரண்டாவதற்கு
இருநூறு வருடம் எடுத்துக்கொள்ளும் ஒன்றை
நாற்பத்தொரு நாள் உற்றுப் பார்த்துவிட்டு
நாங்கள் எழுதியிருக்கிறோம்.
என் திட்டத்துக்கு மிச்சம் ஏழு மாதம்.

திரும்பப் போனேன், புது உறை, புதுக் கத்தி.
மாதையன் தன் போசியைப்
புளியமரத்தடிக்கு மாற்றியிருந்தார்.
நான் சொல்லவில்லை.
சுரங்க வாயில் குறுக்கே
வெள்ளைக்கற்களை வரிசையாய் அடுக்கி
ஆள் நுழையாமல் அடைத்திருந்தார்.
நான்கைந்தைத் தள்ளிக் கொடுத்தார், எனக்காக.

கசிவின் முன்னால் விளக்கை அணைத்தேன்.
எங்கோ மேலே பெங்களூர் சாலை அதிர்ந்தது.
சொட்டியது.
நெடுநேரம் கழித்து இன்னொரு சொட்டு.
எனக்குப் பசித்தது.

இன்று சாயங்காலம்
அமலோற்பவம் தேதியும் வெப்பமும் எழுதி
'வளர்ச்சி' என்பதையும் எழுதி
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
என்னைப் பார்க்கிறாள்.
மலைக்குக் கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது.